ஒரே ஒரு ‘ம்’

“ரெண்டு கையும் ஸ்டியரிங்லதானே இருக்கு?”

“ம்.”

லாரி இரைச்சலுக்கு நடுவே அந்த ‘ம்’ வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, துவைத்த துணிகளை மடித்தபடி அவள் பேசினாள். குழாய் ஒழுகுவது, மகளுக்குப் பல் ஆடுவது, மாடிவீட்டுக்காரி முறைப்பது. எல்லாவற்றுக்கும் ‘ம்’தான். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற மனிதர்!

“வாயைப் பூட்டி வச்சிருக்கீங்களா? இன்னும் கோபமா?”

கணவர் புறப்படும்போது சண்டை. “நீங்க வராட்டியும் எனக்கு ஒண்ணும் குறைஞ்சுபோகாது” என்று கத்தியிருந்தாள். அவர் பதில் பேசாமல் வண்டியேறியதுதான் அவளை அரித்தது.

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். “ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேங்க. நீங்க இல்லாம எனக்கு ஒரு நாள்கூட ஓடாது. மனசுல வச்சுக்காதீங்க. சரியா?” அழுதேவிட்டாள்.

“ம்…”

பிறகு பெரிய சத்தம் ஒன்று. அவ்வளவுதான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். “வண்டி ஓட்டுறவன்கிட்ட அப்படி என்ன பேச்சு? பேசியே கொன்னுட்டா.” அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணிகளையே பிரித்துப் பிரித்து மடித்தாள். அந்த ஒரு ‘ம்’தான் பிடிமானம். மன்னித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அவரோடு மாற்றி மாற்றி லாரி ஓட்டும் கூட்டாளி, கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க அண்ணி. அப்ப ஓட்டினது அண்ணன் இல்ல. நான்.”

“அவர் என்கிட்ட பேசிட்டு…”

“அண்ணன் பின்னாடி படுத்துத் தூங்கிட்டிருந்தாரு. படுக்கும்போதே, ‘அவ போனை எடுக்கலேன்னா பயந்துடுவா, எடுத்து ம் மட்டும் கொட்டு. நான் அவகிட்ட பேசுறதா இல்ல’ன்னு போனை என்கிட்ட கொடுத்துட்டாரு.” கதவைப் பிடித்துக்கொண்டான். “நீங்க அழுததும் மனசு கேக்கல. இதை அண்ணனே கேக்கட்டும்னு அவரை எழுப்பத் திரும்பினேன். ஒரு நொடிதான் அண்ணி. முன்னாடி போன வண்டிக்காரன் பிரேக் போட்டுட்டான்.”

அவள் அவனைத் திட்டவில்லை. அழவுமில்லை. மடித்து வைத்திருந்த அவர் சட்டையை மறுபடி பிரித்தாள்.

“அப்போ, அவருக்குக் கோபம் இன்னும் தீரலை.”