அறுநூறு அடிப் புழுதி

செஞ்சிக் கூட்டுரோட்டு டீக்கடை டிவியில், செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய வண்டி அனுப்பிய படம் ஓடுகிறது. நம்ம மலையடிவாரம் மாதிரியே கல்லும் செம்மண்ணுமாய்க் கிடக்கிறது அந்த இடம். கூட்டம் கைதட்டுகிறது, டீ மாஸ்டர் பொங்கும் பாலைக்கூட மறந்து நிற்கிறார். இருதயமேரி மட்டும் ஆறிப்போன கிளாஸோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். விடிகாலையில் அவள் நிலத்தில் அறுநூறு அடி இறக்கிய போர்வெல்லிலிருந்து வெறும் புழுதிதான் பறந்தது. அந்த வெள்ளைப் புழுதி இன்னும் புருவத்தில் ஒட்டியிருக்கிறது. "இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போயிருக்குது?" என்று கேட்கிறாள். "அங்க முன்னாடி தண்ணி இருந்துச்சான்னு பாக்கத்தான்க்கா" என்கிறார் மாஸ்டர். "தேங்கா வெச்சிப் பாத்தாங்களாமா?" என்கிறாள் அவள். கடையே சிரிக்கிறது. நீரோட்டம் பார்ப்பவரின் உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்து நின்ற இடங்களில்தான் அவளும் மூன்று தடவை போர் போட்டாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லச் சொல்கிறாள்: "அதுக்காச்சும் கெடைக்கட்டும்."