அலாரத்தின் காவல்

பனிக்காலம் முழுக்க அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் பூட்டிய ஷெட்டுக்குள் சும்மா நின்றது. அதன் அலாரம் மட்டும் சிவப்புக் கண்ணை ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஷெட்டே பூட்டியிருக்கு. கொஞ்சம் கண்ணசரக் கூடாதா? என் கரண்டெல்லாம் உங்களுக்கே போயிடுதே," என்று கெஞ்சியது பேட்டரி.

"திருடன் வந்தா நீயா பதில் சொல்வே? பேசாம கரண்டைக் குடு."

எதற்கு வம்பென்று பேட்டரியும் கொடுத்துக்கொண்டே இருந்தது.

வெயில் திரும்பியதும் முதலாளி கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, ஆசையாக வந்து சாவியைத் திருகினார். 'டிக்' என்றது. மறுபடி திருகினார். அந்த 'டிக்'கும் இல்லை. டயரை ஓர் உதை விட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடினார்.

பேட்டரி அவமானத்தோடு கடைசிச் சொட்டுக் கரண்டையும் கொடுத்து முடித்தது. அணையப்போகிற கண்ணைக் கடைசியாக ஒருமுறை சிமிட்டி, அலாரம் பெருமையோடு சொன்னது:

"பார்த்தியா தம்பி? நான் காவலுக்கு இருந்தா, முதலாளியே வந்தாலும் வண்டியை அசைக்க முடியாது!"