விசில் வாங்கிய கட்டடம்

படத்தில் உலகம் அழிந்துகொண்டிருந்தது. பாலம் உடைந்தது, விமான நிலையம் மூழ்கியது, பார்த்தவர்களில் ஒருத்தரும் அசையவில்லை. உச்சியில் கிரீடம் வைத்த அந்தப் பச்சைக் கண்ணாடிக் கட்டடம் சரிந்ததும்தான், படம் பார்க்க உட்கார்ந்திருந்த ஆபீஸ் ஆட்களின் விசில் காதைப் பிளந்தது.

தயாரிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. "ஏம்மா, உலகம் அழியறதுல சனங்களுக்கு அப்படி என்ன சந்தோஷம்?"

"இது மட்டும் இடிஞ்சு விழாதான்னு ஏங்குற கட்டடம் ஆளுக்கு ஒண்ணு இருக்கும் சார்" என்றாள், கிராபிக்ஸ் செய்தவள்.

"அப்ப இன்னும் மெதுவா இடி. போஸ்டர்லயும் அதையே போடு. அப்புறம்... போன படம் மாதிரியே கிராபிக்ஸ்னு என் மச்சான் பேரைப் போட்டுடறேன். மாமனார் ஆசைப்படறாரு. கோச்சுக்காத."

மச்சானுக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. போன படத்தில் தன் பெயரைத் தேடித் தேடி அழுதவள், இன்று சிரித்தாள்.

"தாராளமா சார். பெருசாவே போடுங்க. உங்க மாமனாரையும் முதல் ஷோவுக்கு மறக்காம கூட்டிட்டு வாங்க."

"தங்கமான பொண்ணு!"

தயாரிப்பாளர் வழக்கம்போல் லிப்டில் நேராகக் கீழ்த்தளத்து பார்க்கிங்குக்கு இறங்கி, போனைப் பார்த்தபடியே காரில் போய்விட்டார். தன் ஆபீஸை வெளியே நின்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் வாசல் வழியாக வந்து, தெருவில் நின்று ஆசைதீர அண்ணாந்து பார்த்தாள்.

பச்சைக் கண்ணாடி. உச்சியில் கிரீடம். மாப்பிள்ளைக்காக மாமனார் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்தது.