உப்புக் காற்று புகாத பெட்டி

“பூட்டை உடைச்சது யாரு?”

டிவிஷனல் என்ஜினியர் சிவப்பிரகாசம் கேட்டதும் கடப்பாக்கம் மீனவர் சங்கத்துக்குள் பேச்சு நின்றது. சுவரில் நெஞ்சுயரத்தில் பொருத்தியிருந்த அலுமினியப் பெட்டி மூடி திறந்து கிடந்தது. உள்ளே தொலைபேசிக் கம்பிகள் வந்து சேரும் முனைகளெல்லாம் பச்சைக் களிம்பு.

“நான்தான் சார்,” என்றான் லைன்மேன் தேசப்பன்.

“எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டா என்ன?” சீறினார் என்ஜினியர் வாசுதேவன். பெட்டியை வடிவமைத்தவர் அவர்.

“போனுதான் செத்துப் பூட்ச்சே சார். எதுல பண்றது?”

வேறொரு நாளாக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள்.

முந்தாநாள் மாலை செங்கல்பட்டுக்குப் புயல் எச்சரிக்கை வந்தது. அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் கூப்பிட்டார்கள். இங்கே மணி அடிக்கவே இல்லை. விடிவதற்குள் நாலு கட்டுமரம் கடலுக்குப் போனது. மூன்று திரும்பியது. நாலாவதில் போன இரண்டு பேரை அலை ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. இருவரும் இப்போது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில். அதில் ஒருவன், தேசப்பனின் தங்கை எல்லம்மாளின் புருஷன் தர்மராஜ், இன்னும் கண் திறக்கவில்லை.

“வாசுதேவன், மாட்டி இருபத்திரண்டு நாள்தான் ஆகுது,” என்றார் சிவப்பிரகாசம். “நெம்மேலியிலேர்ந்து இங்க வரைக்கும் ஏழு ஊருக்கு இதே பெட்டிக்கு அனுமதி வாங்கி வெச்சிருக்கேன். பெட்டி தப்பா, ஆள் தப்பா? பெட்டி தப்புன்னா இன்னிக்கே எல்லாம் ரத்து. பழைய மரப்பெட்டிதான்.”

பழைய மரப்பெட்டி ஒவ்வொரு மழைக்கும் ஊறிப்போய் லைனைக் கொன்றுவிடும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“பெட்டி தப்பே இல்ல சார்!” வாசுதேவனின் குரல் உயர்ந்தது. “மாமல்லபுரத்துல கடலைப் பாத்த சுவத்துல ஒரு மழைக்காலம் பூரா மாட்டிவெச்சுப் பாத்தேன். உள்ள ஒரு தீப்பெட்டி. மூணு மாசம் கழிச்சு எடுத்துக் கிழிச்சா முதல் குச்சியே பத்திக்கிச்சு. மூடியைச் சுத்தி ரப்பர், கேபிள் நுழையற வாய்க்கு மெழுகு. பூட்டிட்டா உப்புக் காத்து ஒரு மூச்சு போகாது. சாவி ஒண்ணே ஒண்ணு, அதுவும் என்கிட்ட. யாரோ தொறந்திருந்தாத்தான் இப்படி ஆகும்.”

தேசப்பன் அவரையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆளு தப்புதான் சார். பத்து நாளைக்கு முன்னாடி நெம்பித் தொறந்தேன். உள்ள எப்டி கீதுன்னு பாக்கத்தான். சரியா மூடாம வுட்டுட்டேன்.”

“எழுதிக் கொடுப்பியா?”

“குடுக்கறேன் சார். சஸ்பெண்டு பண்ணாலும் வலை இழுத்துப் பொழச்சிக்குவேன். பெட்டியத் தூக்கிடாதீங்க.”

வாசலில் நின்ற எல்லம்மாள் இதைக் கேட்டாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள்.

“கூடப் பொறந்தவனாடா நீ? என் தாலிக்கு ஒல வெச்சிட்டியே! நீ நாசமாப் போவ!” மண்ணை அவன் முகத்துக்கு நேரே தூற்றினாள்.

தேசப்பன் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. சிவப்பிரகாசம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். அவர் தாளை மடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். பெண்கள் எல்லம்மாளைப் பிடித்து அழைத்துப் போனார்கள்.

சங்கத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். வாசுதேவன் விரலில் ஒட்டியிருந்த களிம்பைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். வெள்ளைத் துணி பச்சையானது. மூலையில் சலவைக்காரர் போட்ட நீலக் குறி, மூன்று புள்ளியும் ஒரு கோடும், மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“ஒன்றரை வருஷ உழைப்புடா. உன் சொந்த மச்சான் சாகக் கெடக்கறான். மனுஷனா நீ?”

“நேத்து காலையிலதான் சார் உடைச்சேன். லைன் செத்தப்புறம்.”

“என்னது?”

தேசப்பன் கருவிப் பையைத் திறந்து உள்ளங்கையில் எதையோ கொட்டி நீட்டினான். பாதி கரைந்த கல்லுப்பு. நாலு காய்ந்த மிளகாய். கறுத்து அழுகி நீர் வடியும் ஒரு எலுமிச்சம்பழம்.

“உள்ள, கம்பி மேலயே கெடந்திச்சு. மூட்டையாக் கட்டி. வெளிய இருந்து ஒரு சொட்டு உப்பு உள்ள வரல சார். உள்ள இருந்தது வெளிய போகத்தான் வழி இல்ல.”

வாசுதேவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. “திருஷ்டி மூட்டையா? போன் பெட்டிக்குள்ளயா? எந்த மடையன் வெச்சான்?”

“மடையன்னு சொல்லாதீங்க சார். யாரோ ஆசையா முடிஞ்சு குடுத்தது.” பையிலிருந்து அது கட்டியிருந்த துணியை எடுத்து மேசைமேல் விரித்தான். “பெட்டி நல்ல பெட்டி. இத பெரிய சார்கிட்ட காட்டியிருந்தா பெட்டியும் போயிருக்கும். அது போயிட்டா அடுத்த பொயலுக்கு எங்க ஆளுங்க எல்லாரும் போயிடுவாங்க. ஏழு ஊருக்கும் மாட்டுங்க. ஆனா உள்ள ஒண்ணும் வெக்காதீங்க.”

துணியின் மூலையில் நீலத்தில் மூன்று புள்ளியும் ஒரு கோடும்: கோயில் பிரசாதம் என்று சொல்லி வாசுதேவனின் மனைவி வச்சலா முடிந்து கொடுத்த அவருடைய கைக்குட்டை, திறப்பு விழாவன்று தேவையே இல்லாத ஏணியை எடுத்துவரத் தேசப்பனை அனுப்பிவிட்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல், அவர் தன் கையாலேயே உள்ளே வைத்துப் பூட்டியது.