டீக்கடைப் பிரசங்கம்

"அரசாங்க வாத்தியார் டீக்கடையில ஐந்தாண்டுத் திட்டத்தைக் குறை சொல்லலாமா? நீர் பேசினதை ஒரு வரி விடாம எழுதி மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. வேலை போயிரும்!" என்றார் பள்ளி இன்ஸ்பெக்டர்.

கடலோரப் புதுமடத்துக்கு மாற்றலாகி வந்த வாத்தியார் சேதுராமன் தலைகுனிந்து நின்றார்.

சாட்சிக்கு வந்த டீக்கடை கபீர் சொன்னார்: "சார் தினமும் பேசுவாருங்கய்யா. யாரும் காதுல வாங்குறதில்ல. எங்க மீன்பாட்டை, வலையில எவ்வளவு விழுந்துச்சுன்னு பேசவே பொழுது பத்தல."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "கேக்க ஆளில்லாத பேச்சுக்குத் தண்டனை எதுக்கு? போய் வேலையைப் பாரும்."

சேதுராமன் நகரவில்லை. "கடுதாசி போட்டது யாருங்கய்யா?"

"பேரில்லை. தெரிஞ்சா சண்டைக்குப் போவீரோ?"

"இல்லைங்கய்யா. இந்த ஊருக்கு வந்ததுலேருந்து நான் பேசினதை முழுசாக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். கூட உக்காந்து ஒரு டீ குடிக்கலாம்னு..."