பையனுக்கு எடுத்த அளவு

தையல் மெஷின் கடகடக்கிறது. ஜன்னல் வெயிலில் நூல்தூசி அலைகிறது. நிற்க வைத்த இடத்தில் சிறுமியின் கால்கள் நிற்க மாட்டேன் என்கின்றன. "ஆடாத பாப்பா," என்று தையல்காரர் அவள் தோளில் டேப்பை வைக்கிறார். "யூனிஃபார்ம் இவ கூடப் பிறந்தவனுக்குண்ணே. ரெட்டைப் பிள்ளைங்க, ஒரே அளவுதான். ஒருநாள் லீவு போட்டாலும் அவன் படிப்பு கெட்டுடும், அதான் இவளைக் கூட்டிட்டு வந்தேன்," என்கிறாள் அம்மா. "பாப்பா எத்தனாவது?" "இவளைப் போன வருஷமே நிறுத்தியாச்சு." டேப் அவள் நெஞ்சைச் சுற்றுகிறது, தூக்கிய கை முழுக்க நீள்கிறது. சிறுமி கட்டைவிரலால் தரையைச் சுரண்டுகிறாள். "சட்டையில பேனா வைக்கப் பை வேணுமா?" "வேணும்," என்கிறாள் சிறுமி, அம்மா வாய் திறக்கும் முன்பே. டேப்பைச் சுருட்டியாயிற்று. அவள் இன்னும் கையை இறக்கவில்லை.