நாலாவது முட்டை

"நாலாவது முட்டையா மாப்பிள்ளை? நடக்கட்டும், நடக்கட்டும்!"

கையிலிருந்த பையை இறக்கி வைக்கும் முன்பே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மேசையில் தங்கையின் கணவர் பக்கத்தில் மூன்று முட்டையின் ஓட்டைக் குவித்துக்கொண்டு, தட்டு நிறையச் சோறும் அவித்த முட்டையுமாக உட்கார்ந்திருந்தார். எதிரே தங்கை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து அளந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் குத்துச்சண்டை இறுதிப் போட்டி. எடை ஒரு கிலோ கூடினாலும் மேடை ஏற விடமாட்டார்கள். வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறவள் எதிரில் உட்கார்ந்து இப்படியா வெட்டுவார் ஒரு மனுஷன்!

"வாங்க அண்ணி" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் மாப்பிள்ளை.

"நீங்க உக்காருங்க. முட்டை கோவிச்சுக்கப் போகுது."

அக்காவும் ஒரு காலத்தில் குத்துச்சண்டை போட்டவள்தான். இப்போது போடுகிறவர்களுக்கு உடம்பைத் தயார் செய்யப் பயிற்சித் திட்டம் எழுதிக் கொடுப்பது அவள் தொழில். யார் யாருக்கோ எழுதிக் கொடுத்தவள், தங்கைக்கு எழுதும்போது மட்டும் தூக்கத்தைத் தொலைத்தாள்.

காரணம் இருந்தது. போன வருஷம் கடைசி ரவுண்டில் தங்கை கோப்பையைக் கோட்டை விட்டாள். கை ஓயவில்லை, கால் ஓய்ந்துவிட்டது. அன்றைக்கு உடை மாற்றும் அறையில் அவள் அழுத அழுகை அக்காவின் காதிலேயே நிற்கிறது. இந்த வருஷத்தை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் கோப்பையைக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

குத்து கையிலிருந்தா வருகிறது? தரையை மிதிக்கிற காலிலிருந்து வருகிறது. ஆகவே தோளில் பாரம் ஏற்றி உட்கார்ந்து எழ வேண்டும். மாதாமாதம் அந்தப் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். போட்டிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் பாரத்தைக் குறைத்து, வேகத்தைக் கூட்ட வேண்டும். இதுதான் திட்டம்.

எல்லாம் கூடிவரும் நேரத்தில் மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்தது. அதுவும் உடற்பயிற்சிக் கூடமே இல்லாத ஊருக்கு! அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தங்கைதான் போனில் தேற்றினாள். "கவலைப்படாதேக்கா, பாரத்துக்கு வழி பண்ணியாச்சு."

என்ன வழியோ! அக்கா வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். ஆணியில் கையுறை, மூலையில் ஸ்கிப்பிங் கயிறு. இரும்பு என்று பேருக்கு ஒரு இஸ்திரிப் பெட்டிதான் இருந்தது.

"கல்யாணத்தப்போ காத்தடிச்சாப் பறந்துடுவீங்க போல இருந்தீங்க. இப்போ பாருங்க, சட்டை பட்டன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்குது."

"ஆபீஸ்லயும் இதையேதான் சொல்றாங்க அண்ணி." மாப்பிள்ளை அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். தட்டில் மிச்சமிருந்த முட்டையைச் சின்னப் பிள்ளை கசாயத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ம், சாப்பிடுங்க" என்றாள் தங்கை. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"நீயே ஊட்டி ஊட்டிக் கெடுக்கறேடி! மாப்பிள்ளை, நாளையிலேருந்து உங்களுக்கும் ஒரு திட்டம் எழுதித் தரேன். அரை வயித்துச் சாப்பாடு, காலையில ஓட்டம்."

புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்துப்போனது.

"ஐயையோ, வேண்டாம்க்கா! இப்போ போய் இவரை இளைக்க வச்சுடாதே!"

"புருஷனை ஒரு வார்த்தை சொன்னாப் பொத்துக்கிட்டு வந்துடுமே உனக்கு! சரி, காலை நீட்டு."

தொடையை அழுத்திப் பார்த்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். கல்லு! போன வருஷம் பார்த்த கால் இல்லை இது. சந்தோஷத்தில் அவளுக்குக் கோபம்கூட மறந்துபோனது.

"அடி என் தங்கமே! சொன்னபடி பாரம் ஏத்தியிருக்கேடி! எங்கே வச்சிருக்கே, காட்டு."

"மாடிக்கு வாக்கா. என்னங்க, சாப்பிட்டாச்சா? நீங்களும் வாங்க."

மாடியில் தண்ணீர்த் தொட்டியும் துணி காயும் கொடியும்தான் இருந்தன.

"எங்கேடி?"

தங்கை கூந்தலை முடிந்துகொண்டு தொட்டி ஓரமாக முதுகைக் காட்டிக் குந்தினாள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு, தொட்டித் திண்டில் ஏறி, பழகின இடத்தில் உட்காருகிற மாதிரி அவள் தோளில் உட்கார்ந்தார். அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். கால் துளிகூட நடுங்கவில்லை.

"மணல் மூட்டை கட்டிப் பார்த்தேன்க்கா, ஒரு பக்கமா சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு" என்றாள் மூச்சு வாங்காமல். "இவர் சரியமாட்டார்."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். "மாப்பிள்ளை, அப்போ அந்த நாலு முட்டையும்..." என்றாள்.

"மாசாமாசம் பாரத்தைக் கூட்டணும்னு எழுதியிருந்தீங்க, எப்படியோ தின்னு தின்னு கூட்டிட்டேன் அண்ணி" என்றார் மாப்பிள்ளை மேலேயிருந்து. "கடைசி ரெண்டு வாரத்துல குறைக்கணும்னும் எழுதியிருக்கீங்களே, அதை நெனைச்சாத்தான் வயித்தைக் கலக்குது!"